நனைந்த சட்டையும் காணிக்கைப் பாட்டும்

மாங்கெரே, ஆக்லாந்து
பிப்ரவரி 10, 1991

அன்புள்ள லூபே,

ஆண்டவர் தயவில் நான் நலம். நீ, அண்ணன், என் மருமகள் சியலே, உங்கள் வாசலில் படுத்துக் கிடக்கும் கிழட்டுப் பன்றி, எல்லோரும் சுகந்தானே? ஊர் முன்னால் நீ என்னை 'நீங்கள்' என்றுதான் கூப்பிட வேண்டும், புருஷனின் தங்கை ஆயிற்றே. ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். கடிதத்திலாவது 'நீ' இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஆல்பம் நிஜமாகவே வரப்போகிறது. ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. பகலில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு மூடி போடுகிறேன். வேலை முடிந்ததும் டயர் கடைக்கு மேலே இருக்கும் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடுகிறேன். பதிவு செய்து கோத்துக் கொடுப்பவன் தமாட்டி என்கிற மவோரிக்காரன். நல்ல காது. வாய்தான் ஓயாது.

மொத்தம் பத்துப் பாட்டு. நம் கோயில் பாமாலை மாதிரி நாலு குரலில் பாடுவது இரண்டு. கிதாரும் யூகலேலேயும் வைத்து ஊர்ப் பாட்டு இரண்டு. மற்றதெல்லாம் ரெகே, டிரம் மெஷின் போட்ட ஆட்டப் பாட்டு, மெதுவான காதல் பாட்டு. கம்பெனிக்காரர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இதைக் கடையில எந்த அலமாரியில வைக்கிறது? கோயில் பாட்டு அலமாரியா, டான்ஸ் அலமாரியா?" என்றார். ரெண்டிலும் வையுங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அலமாரி தெரியாது. நம் தீவில் நாம் வளர்ந்தபோது காலையில் பாமாலை, மத்தியானம் ரேடியோவில் ரெகே, பொழுது சாய்ந்தால் கொட்டகையில் கவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டு ஆம்பிளைகள் பாடும் காதல் பாட்டு. எல்லாம் ஒரே காதில்தானே விழுந்தன?

இத்துடன் எட்டுப் பாட்டு உள்ள கேசட் அனுப்புகிறேன். ஞாயிறு சாப்பாடு ஆனதும் எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டுக்காட்டு. முக்கியமாக அண்ணன் கேட்க வேண்டும். அவர் என்ன சொன்னார், முகம் எப்படி இருந்தது, ஒன்று விடாமல் எழுது. இங்கே யார் கைதட்டினாலும், அவர் வாயிலிருந்து ஒரு 'ம்' வந்தால்தான் எனக்கு நிம்மதி. பாமாலைகளில் ஒன்றுக்கு அவருடைய சபை பேண்டு வாசித்துத் தர முடியுமா என்று அவருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

சியலேயின் இரண்டு கன்னத்துக்கும் என் முத்தம்.

லவினியா


நெய்யாஃபு, வவாவு
மார்ச் 3, 1991

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களின் சமூகத்துக்கு (இந்த வரி தபால் ஆபீஸ்காரர் பிரித்துப் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று),

நாங்கள் சுகம். சியலேக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. பன்றியும் சுகம். அதை உன் கல்யாணத்துக்கு என்று வைத்திருக்கிறோம், நீ இப்படியே இருந்தால் அது கிழடாகித் தானே செத்துப்போகும்.

கேசட் வந்தது. நீ சொன்னபடியே செய்தேன். இனிமேல் நீ சொன்னபடி எதையும் செய்வதாக இல்லை.

ஞாயிறு மத்தியானம் மண்ணுக்குள் புதைத்த அடுப்பைத் திறந்து, பெருவள்ளிக் கிழங்கும் தேங்காய்ப்பால் ஊற்றிய சேம்பிலைப் பொட்டலமும் வயிறு முட்டத் தின்றுவிட்டு எல்லோரும் பாயில் சாய்ந்திருந்தோம். உன் அண்ணன், நான், சியலே, உன் பெரியப்பா மகள் மெலே, போதகர் வீட்டு அம்மா. பெருமையாகப் பொத்தானை அமுக்கினேன். முதலில் பாமாலை. போதகர் வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெலே அவரைப் பார்த்து, "அப்படியே நம்ம சித்தி கொரலு" என்று உன் அம்மாவைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

அடுத்தது 'நனைந்த சட்டை'.

அடி பாவி! அவன் சட்டை மழையில் நனைந்ததும் அதை நீ கழற்றிப் பிழிந்ததும் நாலே வரியில் வந்துவிட்டதே. ஒரே கூரைக்குக் கீழே அண்ணனும் தங்கை முறைக்காரியும். மெலே பாத்திரம் கழுவப் போகிறேன் என்று எழுந்தாள். பாத்திரமெல்லாம் எப்போதோ கழுவிக் கவிழ்த்தாயிற்று. உன் அண்ணன் படகுக் கயிறு அவிழ்ந்திருக்குமோ என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். போதகர் வீட்டு அம்மாவுக்குத் திடீரென்று தலைவலி. மூன்றாவது மறுபடியும் பாமாலை வந்ததும் வாசலில் உன் அண்ணன் தலை தெரிந்தது. நாலாவது காதல் பாட்டு, தலை மறைந்துவிட்டது. மெலே சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடந்தே களைத்துப்போனாள். கடைசியில் கேசட் முழுவதையும் கேட்டது நானும் பன்றியும்தான். பன்றிக்குப் பிடித்திருந்தது.

முகம் எப்படி இருந்தது என்று கேட்டாய். நான் அவர் முதுகைத்தான் பார்த்தேன். சாயங்காலம் வந்து சாப்பிட்டார், படுத்தார். கேசட் பற்றி ஒன்றும் பேசவில்லை.

எனக்குப் பிடித்ததா என்று நீ கேட்கவே இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், ரொம்பப் பிடித்தது. எங்களை மறக்காமல் அனுப்பினாயே, அதற்கு நன்றி.

உன் லூபே


நெய்யாஃபு, வவாவு
மார்ச் 11, 1991

மதிப்பிற்குரிய தங்கை லவினியாவுக்கு,

இந்த நாளைக் காணச் செய்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அனைவரும் நலம். இந்த வருடம் பெருவள்ளி நன்றாக விளைந்திருக்கிறது. முதல் கிழங்குகள் கோயிலுக்குப் போயின. அதற்கு அடுத்தவை உங்களுடையவை, கப்பலில் அனுப்புகிறேன். படகு இன்ஜின் புகை தள்ளுகிறது, பார்க்க வேண்டும். சபை பேண்டுக்குப் புதிய கார்னெட் ஊதுகுழல் வந்திருக்கிறது. நீங்கள் பேண்டு பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். கேசட் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதை லூபே வைத்திருக்கிறாள். மழை நல்ல மழை.

உங்களுக்காக ஜெபிக்கிறோம். மாலோ.

ஃபெலெட்டி


மாங்கெரே, ஆக்லாந்து
ஏப்ரல் 14, 1991

அன்புள்ள லூபே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருங்கள்.

அண்ணன் கடிதம் வந்தது. பெருவள்ளிக்கு நாலு வரி, இன்ஜினுக்கு ஒரு வரி. என் கேசட் 'பத்திரமாக வந்து சேர்ந்தது'. ஏதோ மண்ணெண்ணெய் டின் வந்து சேர்ந்த மாதிரி! பேண்டு வாசிக்குமா என்று கேட்டதற்கு, படித்தாராம். அதற்கு மேல் 'நீங்கள்', 'உங்களுக்கு', கடைசியில் வழக்கமான நன்றியாக ஒரு 'மாலோ'. கூடப் பிறந்த தங்கையிடம் இத்தனை மரியாதை வேண்டுமா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவருக்கு என்னால் வெட்கமாக இருக்கிறது, வேறு என்ன? கோயில் பேண்டு மாஸ்டரின் தங்கை ஆக்லாந்தில் நனைந்த சட்டையைப் பிழிகிறாள் என்று நாலு பேர் பேசுவார்கள்.

ஆனால் இது யாரிடம் கற்றது என்று அவரைக் கேள். வெள்ளிக்கிழமைதோறும் கொட்டகையில் கவா குடித்துக்கொண்டு விடிய விடியக் காதல் பாட்டுப் பாடியது யார்? என் படுக்கைக்கு நேரே, கண்ணாடிப் பட்டைகள் வரிசையாக மாட்டிய ஜன்னலில் ஒரு பட்டை இல்லாமல் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஓட்டை வழியாக மழை வந்து பாய் நனையும். அதை மாட்டித் தொலையேன் என்று அம்மா அண்ணனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! சோம்பேறி, கடைசிவரை மாட்டவே இல்லை. மழை மட்டுமா வந்தது? அவர் பாட்டும் அதே வழியாகத்தான் வந்தது. உச்சியில் போய்க் குரலை மெல்லிசாக உடைப்பாரே, அதைக் கேட்டுக் கேட்டுத் தலையணைக்குள் வாயை வைத்துப் பழகினேன். தமாட்டி அதைத்தான் 'இதை எங்கே பிடிச்சே?' என்று கேட்கிறான். ஓட்டை ஜன்னலில் பிடித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டான்.

கம்பெனிக்காரர் மறுபடியும் வந்தார். பாமாலை இரண்டையும் எடுத்துவிடச் சொல்கிறார். இத்தனை நாள் முடியாது என்று சண்டை போட்டேன். இப்போது யோசிக்கிறேன். அவற்றை நான் வைத்திருப்பது என் அண்ணனுக்காக. கேட்க வேண்டியவரே எழுந்து போகிறார் என்றால் யாருக்காகச் சண்டை போடுவது? மாதக் கடைசியில் சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

கோபத்தில் எழுதுகிறேன். உன்மேல் இல்லை. உனக்குப் பிடித்தது என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

லவினியா


நெய்யாஃபு, வவாவு
ஏப்ரல் 24, 1991

லூசு லவினியா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. கப்பல் கிளம்புவதற்குள் இதைக் கொடுக்க வேண்டும். சட்டை நனைந்தது சரி, உன் மூளையும் நனைந்துவிட்டதா?

ஒன்பது வருடம் வெளியூரில் இருந்தால் இதெல்லாம் மறந்துபோகுமா? நீ அவர் தங்கை. நம் வழக்கத்தில் அண்ணனைவிடத் தங்கைதான் மேலே, இந்த வீட்டில் அவரைவிட நீ மேலே. உன் குரல் அப்படி ஒரு பாட்டைப் பாடும்போது, இன்னொரு தங்கை பக்கத்தில் இருக்கும்போது, அவர் காலை நீட்டிக்கொண்டு கேட்டிருந்தால்தான் நீ அழ வேண்டும். மதிப்புக் கொடுக்கிற மனுஷன் எழுந்துதான் போவான். அண்ணன் தங்கை காதில் காதல் பேச்சு ஒரே கூரைக்குக் கீழே விழக் கூடாது, அவ்வளவுதான். வெளியே நிற்கிறவன் காதில் என்ன விழுகிறது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இப்போது நான் சொல்வதைக் கேள். கேசட்டை அலமாரியில் வைத்திருந்தேன். போன மாதம் பார்த்தால் காணோம். சியலேயைத் திட்டினேன், பாவம். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் இருந்தது. எடுத்து மோந்தேன். டீசல் வாடை. மறுபடியும் காணாமல் போனது, மறுபடியும் வந்தது. மெலேயின் புருஷன் சொன்னான், "மச்சான் ஆளுங்கள ஹுங்கா தீவுல எறக்கிவிட்டுட்டுத் தனியா திரும்பும்போது படகுல பாட்டு ஓடுது. கரையில ஆளு தெரிஞ்சா டக்குன்னு நிக்குது" என்று. எந்தப் பாட்டு என்று கேட்டேன். ஏதோ சட்டை பாட்டாம்.

நான் இதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் கேசட்டைக் கொண்டுபோவதை நிறுத்திவிடுவார்.

இன்னொன்று. குற்றம் உன் பாட்டில் இல்லை, அடுக்கியதில்தான். ஒரு பாமாலை, ஒரு சட்டை, ஒரு பாமாலை, ஒரு முத்தம் என்று வைத்தால் எங்கள் வீடுகளில் மனுஷர் எப்படிக் கேட்பது? எழுந்து உட்கார்ந்து முழங்கால் தேய்ந்துவிடும். கேசட்டுக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே! எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்பதை ஒரு பக்கம் வை. மற்றதை மறுபக்கம் வை. ஏ பக்கம் முடிந்ததும் 'டக்' என்று நிற்கும். அதற்குள் எழுந்துபோக வேண்டியவர்கள் மரியாதையாக எழுந்துபோய்விடுவார்கள். தலைவலி வராது, படகுக் கயிறு அவிழாது.

பாமாலையை எடுத்தாயானால் உன் அண்ணன் உன்னோடு உட்கார்ந்து கேட்க ஒரு பாட்டும் இருக்காது. அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதே.

லூபே


மாங்கெரே, ஆக்லாந்து
மே 19, 1991

என் லூபே,

நீயும் வீட்டில் எல்லோரும் நலமா? இங்கே குளிர் வந்துவிட்டது. உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். டீசல் வாடையிலேயே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கிழவர் எனக்கு லாலிபாப் கொடுத்தார்.

பாமாலை இரண்டும் இருக்கின்றன. ஏ பக்கம், பி பக்கம் என்று நீ சொன்னதைத் தமாட்டியிடம் சொன்னேன். குதித்தான். வேகம், மெது, வேகம், மெது என்று அவன் அடுக்கிவைத்தது எல்லாம் போச்சாம். அப்புறம் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். "சரி, உங்க அண்ணன் எழுந்து போறதுக்கு நேரம் விடுவோம்" என்று ஏ பக்கத்துக் கடைசியில் கொஞ்சம் அமைதியைக் கூட்டி வைத்தான். கம்பெனிக்காரருக்கும் ஏகச் சந்தோஷம், பி பக்கம் முழுக்க ஆட்டப் பாட்டாகக் கிடைத்துவிட்டதே. இத்தனை பேர் சண்டை போட்டும் தீராததை நெய்யாஃபுவில் உட்கார்ந்துகொண்டு நீ தீர்த்துவிட்டாய். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு குறை மட்டும் பாக்கி. 'நனைந்த சட்டை'தான். பாட்டு நன்றாக இருக்கிறது, நடுவில் ஒரு பள்ளம். தமாட்டி கீபோர்டில் என்னென்னவோ வாசித்துப் பார்த்தான், ஃபிரிட்ஜ் உறுமுகிற மாதிரி இருக்கிறது. அங்கே என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். அண்ணனின் டிராம்போன், பின்னால் கார்னெட்டுகள், கோயிலில் வாசிப்பதுபோல மெதுவாக. மற்றப் பாட்டு என்றால் கேட்டிருப்பேன். இந்தப் பாட்டுக்கு நான் எந்த வாயால் கேட்பேன்? நீயும் கேட்காதே. சத்தியமாகக் கேட்காதே. அவருக்குச் சங்கடம் கொடுத்தது போதும்.

சியலேக்குக் காலுறை அனுப்புகிறேன்.

லவினியா


நெய்யாஃபு, வவாவு
ஜூன் 23, 1991

அன்புள்ள லவினியா,

எல்லோரும் சுகம். காலுறை பொருந்தியது. சியலே அதைக் கழற்றாமல் கடலில் இறங்கிவிட்டாள்.

நீ கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை. சத்தியம். உன் கடிதம் வந்த அன்று உன் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து கடிதத்தைப் பன்றிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். உன் முதல் ரசிகன் அது, அதற்கும் விஷயம் தெரிய வேண்டாமா? டிராம்போன் வருகிற இடத்தை இரண்டு தடவை படித்தேன். பன்றிக்குக் காது மந்தம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பேண்டு ஒத்திகை. கோயில் கூடத்துக் கரும்பலகையில் உன் அண்ணன் மூன்று, ஐந்து, ஏழு என்று சுரங்களை எண்களில் எழுதிக்கொண்டே போனார். சொல் ஒன்றும் இல்லை, வெறும் எண்கள்தான். பையன்கள் வாசித்தார்கள். நான் வாசலில் நின்று கேட்டேன். முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, சிரிப்பு வெளியே வராமல் சியலேயின் தொப்பியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

போதகர் வந்தார். "ரொம்ப நல்லாருக்கே, இது எந்தப் பாமாலை?" என்று கேட்டார். உன் அண்ணன் முகத்தில் ஒரு அசைவு இல்லை. "புதுசு, ஐயா" என்றார். போதகர் மனம் உருகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எடுக்கும்போது இதையே வாசியுங்கள் என்றார். வாசித்தார்கள். நனைந்த சட்டைக்குச் சபையே தலை குனிந்து காணிக்கை போட்டது. போதகர் வீட்டு அம்மா மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோயிலின் டேப் ரிகார்டரில் பிடித்த கேசட் இத்துடன் வருகிறது. உன் பாமாலைக்கு வாசித்ததும் அதில் இருக்கிறது. சட்டை பாட்டு வாசிக்கும்போது தகரக் கூரையில் மழை வந்துவிட்டது. மறுபடி வாசிக்கலாமா என்று பையன்கள் கேட்டார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

கேசட்டைப் பொட்டலம் கட்டியது அவர்தான். அனுப்புவது நானாம். அப்படித்தான் எழுதச் சொன்னார். இதைப் பற்றி அவருக்கு எழுதும்போது 'பாமாலை' என்றே எழுது.

லூபே


மாங்கெரே, ஆக்லாந்து
ஜூலை 14, 1991

மரியாதைக்குரிய அண்ணன் ஃபெலெட்டிக்கு,

உங்களுக்கும் வீட்டாருக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். நான் நலமாக இருக்கிறேன். கம்பளி வாங்கிவிட்டேன். பெருவள்ளி வந்து சேர்ந்தது. வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். நீங்கள் விளைவித்தது என்று சொல்லிக் கொடுத்தேன்.

பேண்டு வாசித்த பாமாலைகள் கிடைத்தன. இரண்டும். இங்கே கேட்ட எல்லோரும் மறுபடி போடச் சொன்னார்கள். பதிவு செய்யும் தமாட்டி மூன்றாம் தடவையும் போட்டான். மழைச் சத்தத்தை எடுத்துவிடலாமா என்று அவன் கேட்டான். கூடாது என்று நானும் சொல்லிவிட்டேன்.

எனக்கு நிறைய எழுத வேண்டும் போல் இருக்கிறது. எழுதக் கூடியது இதுதான். உங்களுக்கு என் நன்றி. நான் வாயைத் திறந்து பாட ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து.

ஆகஸ்டில் சபை மாநாட்டுக்கு உங்கள் பேண்டு ஆக்லாந்து வருகிறது என்று இங்கே சபையில் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மாங்கெரே சமூகக் கூடத்தில் ஆல்பத்தை வெளியிடுகிறோம். முதல் பாதியில் ஏ பக்கத்துப் பாட்டுகள். நீங்கள் பேண்டோடு மேடையில் எனக்குப் பக்கத்தில் இருந்தால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அதன்பின் இடைவேளை உண்டு. கூடத்துக்கு வெளியே இடம் தாராளம்.

சியலேக்கும் லூபேக்கும் என் அன்பு.

தங்கை லவினியா


மாங்கெரே, ஆக்லாந்து
ஆகஸ்ட் 27, 1991

என் லூபே,

நீயும் சியலேயும் நலமா? நீ இல்லாமல் இதெல்லாம் நடந்ததே என்று எனக்குக் குறை. உனக்காக ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

கூடம் நிறைந்துவிட்டது. நம் ஆட்கள் பாதி, சமோவாக்காரர்கள், மவோரிக்காரர்கள், விமானச் சாப்பாட்டுத் தோழிகள், மூலையில் கம்பெனிக்காரர். அண்ணன் மரியாதைக்கு உடுத்தும் இடுப்புப் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு டிராம்போனோடு மேடை ஏறினார். ஏ பக்கம் முழுவதும் என் பக்கத்தில் நின்று வாசித்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, அவர் என்னைப் பார்க்கவில்லை. பாமாலையில் நான் மூச்சு எடுக்கிற இடங்களிலெல்லாம் அவரும் மூச்சு எடுத்தார். இரண்டாவது பாமாலை முடிந்தபோது சனம் எழுந்து நின்றுவிட்டது. அத்தைமார்கள் ஆடிக்கொண்டே வந்து பரிசாக என் தோளில் டாலர் நோட்டுகளை ஒட்டினார்கள். பேண்டுக்கு நன்றி சொல்ல வந்தவள், "எங்க அண்ணன்" என்று ஆரம்பித்து அப்படியே குனிந்துவிட்டேன். அதுவே போதும் என்று கைதட்டிவிட்டார்கள்.

இடைவேளையில் அண்ணன் கருவியைப் பெட்டியில் வைத்தார். எனக்கு அண்ணன் தம்பி முறையாகும் பையன்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். ஆகஸ்ட் குளிர், லூபே. காற்று வெட்டுகிறது. கார்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றார்கள்.

நான் மேடையிலிருந்து இறங்கி அந்தப் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரே கூச்சல். "என்னடி, சாகடிக்கப் பாக்குறியா?" என்று ஒரு அத்தை போர்வையை இழுத்துக்கொண்டாள். "தொண்டைக்குக் காத்து வேணும், அத்தை" என்றேன். கம்பெனிக்காரர் ஒரு ஜன்னலை மூடப் போனார். தமாட்டி அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

பி பக்கம் தொடங்கியது. மூன்றாவதாக 'நனைந்த சட்டை'. தமாட்டி கோயில் கேசட்டை ஓடவிட்டான். நெய்யாஃபு மழை கூடத்துக்குள் பெய்தது, அதன் பின்னால் பேண்டு. நான் பாடிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தேன். அண்ணன் இரண்டு கார்களுக்கு நடுவே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நீ பார்த்த அதே முதுகு. ஆனால் வலது கை சும்மா இல்லை. இல்லாத டிராம்போனை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

உச்சியில் குரலை உடைக்கிற இடம் வந்தது. உடைத்தேன். இதுவரை அப்படி நான் பாடியதில்லை, இனி பாடுவேனா என்றும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து அவர் உள்ளே வந்தபோது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. டீ கொடுத்தேன். வேறு என்ன பேச முடியும்? "குளிரா இருந்துச்சா, அண்ணா?" என்றேன்.

"ம்" என்றார்.

லவினியா


நெய்யாஃபு, வவாவு
செப்டம்பர் 15, 1991

மதிப்பிற்குரிய தங்கை லவினியாவுக்கு,

நம்மை இதுவரை நடத்தி வந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பேண்டுப் பையன்கள் எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். நீங்கள் நலமாக இருக்க ஜெபிக்கிறோம். மாங்கெரேயில் எங்களுக்குச் செய்த உபசாரத்துக்கு நன்றி.

இங்கே கிழங்கு நடுகிற வேலை தொடங்கிவிட்டது. இன்ஜின் இப்போது புகை தள்ளுவதில்லை. பன்றிக்குக் கால் வீங்கியிருந்தது, தேறிவிட்டது.

அன்று வெளியே குளிர்தான். ஆனாலும் கூடத்தின் ஜன்னல்கள் திறந்திருந்தன. அவற்றைத் திறந்து வைத்தவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நீங்கள் படுத்திருந்த அறையில் இப்போது சியலே படுக்கிறாள். கொட்டகைப் பக்கத்து ஜன்னலில் கண்ணாடிப் பட்டை இன்னும் இல்லை. மழை வந்தால் பாய் நனைகிறது, மாட்டுங்கள் என்று லூபேயும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். நான் சோம்பேறி என்று எல்லோருக்கும் எண்ணம். பட்டை என் பெட்டியில்தான் இருக்கிறது. அதைக் கழற்றியவன் நான்தான். மாட்டுவதாக இல்லை.

உங்கள் பங்குக் கிழங்கு அடுத்த கப்பலில் வரும். மாலோ.

ஃபெலெட்டி